தோட்டத்துப் பிள்ளையும் தொழில்நுட்பக் கல்லூரியும்



கோலாலம்பூரில் தொழில்நுட்பக் கல்வி 1904-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது என்றால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். டிரெச்சர் என்ற ஆங்கில அதிகாரியின் பெயரால் வழங்கிய பள்ளி அது. ரயில்வே, பொதுப்பணி, நில அளவை ஆகிய துறைகளுக்கு ஆள் பழக்குவதே அதன் வேலை. அந்த ரயில் பாதைகளுக்குக் காடு வெட்டிக் கல் கொட்டியவர்களில் நம் தாத்தாக்கள் பலர் உண்டு. பாதைக்கு வரைபடம் போடக் கற்றுத்தரும் பள்ளியிலோ அவர்கள் பிள்ளைகளைக் காண்பது அரிது.

காரணம் என்ன? அங்கே சேர ஆங்கில இடைநிலைப் படிப்பு வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு இருந்ததோ லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வந்தது, சரி. பல தோட்டங்களில் ஓர் ஆசிரியரே எல்லா வகுப்புக்கும். சில இடங்களில் கிராணியாரே வாத்தியாரும் ஆனார். அது முடிந்த பிறகு எங்கே போவது என்பதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை.

1931-இல் செர்டாங்கில் விவசாயப் பள்ளி திறக்கப்பட்டது. பயிர்த்தொழிலைப் பாடமாகப் படிக்க அங்கே வகுப்புகள் நடந்தன. விடியற்காலைப் பெரட்டில் நின்றுவிட்டு மரத்தடிக்குப் போன பையனுக்கு அந்தச் செய்தியே எட்டியிருக்காது.

கோலாலம்பூர்ப் பள்ளி 1946-இல் கல்லூரியானது. 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகவும் 1975-இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. மேலே மாடி கட்டினார்கள், நல்லதுதான். ஆனால் ஏணியின் நடுப்படிகள் எப்போது வந்தன என்பதே நமக்கு வேண்டிய கேள்வி.

1962-இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீங்கியது. அதைவிடப் பெரியது 1965-ஆம் ஆண்டு மாற்றம். அதற்கு முன்பு ஆறாம் ஆண்டு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தவறிய பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அரசாங்க இடைநிலைப்பள்ளியின் கதவு மூடிவிடும். மறுநாளே வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒட்டுப்பால் எடுக்கப் போகும். அந்தத் தேர்வை எடுத்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை படிக்கலாம் என்றார்கள். முதல் பள்ளி தொடங்கி 61 ஆண்டுகள் கழித்துத்தான் இந்த வழி பிறந்தது.

அதுவும் நேர்வழி அல்ல. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி படிக்க வேண்டியிருந்தது. ஓராண்டு என்பது வீட்டில் ஒரு கூலி குறைவது. அதோடு பஸ் காசு, சப்பாத்து, புத்தகம். "படிச்சது போதும், வேலைக்கு வா" என்று சொன்ன அப்பாக்களை நாம் குறை சொல்லிப் பயனில்லை. சம்பளக் கவரைப் பிரித்து எண்ணியவர்கள் அவர்கள்தாம். பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் இருந்தது: வீட்டில் கைக்குழந்தையை யார் பார்ப்பது?

இந்த நேரத்தில்தான் 1969-இல், யுனெஸ்கோ உதவியுடன், ஈப்போவில் உங்கு ஓமார் போலிடெக்னிக் வந்தது. பட்டம் வாங்க வேண்டும் என்பதில்லை. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை பொறியியலிலோ வணிகத்திலோ சான்றிதழ், டிப்ளோமா படிக்கலாம். எஞ்சினியருக்கும் கூலியாளுக்கும் இடையில் இருக்கும் வேலைகளுக்கு அது பழக்கியது. நம் குடும்பங்களுக்குக் கைக்கெட்டும் உயரம் அதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பின்னர் மற்ற மாநிலங்களிலும் போலிடெக்னிக்குகள் எழுந்தன; 2001 முதல் சிறு நகரங்களில் சமூகக் கல்லூரிகளும் வந்தன.

உங்கள் வீட்டில் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், ஐந்தாம் படிவம் முடிந்தபின் எங்கே விண்ணப்பிக்கலாம் என்று ஆசிரியரிடம் இந்த ஆண்டே கேட்டு வரச் சொல்லுங்கள்.