கதைவழி வேரூன்றிய கிறித்தவம்

நக்கீரரைத் தம் ஊரோடு இணைத்துப் போற்றுவது கீரமங்கலத்தார் மரபு. மெய்நின்ற நாதர் திருக்கோயிலை ஒட்டி அப்புலவருக்குச் சிலையும் எழுந்துள்ளது. இறைவன் தந்த பாட்டிலேயே பொருட்குற்றம் கண்ட அவர் கதையை இவ்வூரில் அறியாதார் அரியர். அது நிகழ்ந்ததா என்று எவரும் ஆவணம் தேடிப் புறப்படுவதில்லை. மெய்யின் பக்கம் நிற்பவன் எவர் முன்னும் தலைதாழ வேண்டியதில்லை என்னும் துணிவை அக்கதை தலைமுறைதோறும் தந்து வருகிறது. அந்தத் துணிவுக்காகவே மக்கள் அதைக் காத்து வைத்திருக்கின்றனர்.

கடல் கடந்து வந்த கிறித்தவம் தமிழ் மண்ணில் வேர்கொண்டதும் இவ்வழியே ஆகும். கொள்கை விளக்கங்கள் அதனை அறிமுகம் செய்தன. கதைகளே அதனைத் தமிழர் வாழ்வுக்குள் கொண்டு சேர்த்தன. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்கையிலிருந்து கதைக்கு

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறுநூல். மறுஆண்டு 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. இரண்டும் செபங்களையும் கொள்கைகளையும் கற்பிக்க எழுந்தவை. இவற்றைத் தமிழில் ஆக்கியவர் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே நெடுங்காலம் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார். அவரே 1586இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூலையும் வெளியிட்டார். புனிதர்களின் வாழ்க்கைக் கதைகளைக் கூறும் அந்நூல் 600 பக்கங்களைக் கடந்தது. கடலையும் காற்றையும் நம்பி வாழ்ந்த மக்களுக்கு வினாவிடை மட்டும் போதாது, தம்மைப்போல் துன்புற்று நிலைத்தவர் கதையும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

இம்முறை இயேசுவிடமே தொடங்குகிறது. தனக்கு அயலான் யார் என்று சட்ட வல்லுநன் ஒருவன் வினவியபோது, அவர் இலக்கணம் வகுத்து விடையிறுக்கவில்லை. வழியில் கள்வரால் குற்றுயிராக்கப்பட்ட ஒருவனையும், அவனைக் கண்டும் காணாமல் சென்ற பெரியோரையும், இழிவாக எண்ணப்பட்ட சமாரியன் ஒருவன் அவனுக்கு மருந்திட்டுக் காத்ததையும் கதையாகச் சொன்னார். சொல்லி முடித்து, இவர்களுள் அயலான் யார் என்று கேட்டவனையே திருப்பிக் கேட்டார். விடையைக் கேட்பவன் தானே கண்டடையுமாறு விடுவது கதையின் இயல்பு. கட்டளைக்கு அவ்வியல்பு இல்லை.

ஆவூரும் தேம்பாவணியும்

நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், மதுரை மறைப்பணித் தளத்தின் பழைய நிலையங்களுள் ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் புஷே அடிகளார் அங்குப் பணிபுரிந்தார். பின்னர் வீரமாமுனிவரும் (1680–1747) அங்குப் பணியாற்றினார். இத்தாலியில் பிறந்து தமிழ்ப் புலவராக மலர்ந்த அவர் இயற்றிய தேம்பாவணி, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம்.

காப்பியத் தலைவனாக அவர் கொண்டது அரசனை அன்று. வளன் எனப் பெயர் பெற்ற சூசை என்னும் தச்சனை. விவிலியத்தில் ஒரு சொல்லும் பேசாத மனிதர் அவர். அந்த மௌனத்தைத் தமிழ்க் காப்பிய மரபின் நாடும் நகரும் அறமும் துறவும் கொண்டு முனிவர் நிரப்பினார். ஏரோது மன்னனுக்கு அஞ்சி, கைக்குழந்தையோடு வளனும் மரியும் எகிப்துக்கு ஓடும் பகுதி இங்கு எண்ணத்தக்கது. அவ்வழியில் யோசுவா, கிதியோன், சிம்சோன் முதலிய முன்னோர் கதைகள் சொல்லப்படுகின்றன. ஊரிழந்து செல்வோருக்கு வழித்துணையாவது கதை. முன்னோர் துன்பத்தினூடே தம் துன்பத்துக்கும் ஓரிடம் உண்டு என்று அறிவதே அவர்க்கு ஆறுதல்.

குறவஞ்சியும் யாத்திரிகமும்

அயல்நாட்டார் தொடங்கியதைத் தமிழர் தம் கையில் எடுத்துக்கொண்டனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். அதில் காதலுற்ற தலைவி தேவமோகினி. குறி சொல்பவள் விசுவாசம் என்னும் குறத்தி. ஞாயிற்றைக் கோள்கள் சுற்றிவரும் புதிய வானியலும் அந்நூலில் இடம்பெற்றது. பழைய வடிவம் புதிய செய்தியைத் தாங்க மறுக்கவில்லை.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) வரலாறு இன்னும் ஆழமானது. நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பன் கவியில் ஊறி வளர்ந்த அவர் 1858இல் கிறித்தவரானார். உற்றாரும் மரபும் ஒருபுறம், புதிய நம்பிக்கை மறுபுறம் என்று வாழ்வு பிளவுபடும் நிலை அது. அவர் கையில் கிடைத்தது, இங்கிலாந்தில் ஜான் பனியன் சிறைப்பட்ட நிலையில் எழுதத் தொடங்கி 1678இல் வெளியிட்ட பயணக் கதை. அழிவின் நகரைவிட்டு ஒருவன் வீட்டாரையும் பிரிந்து பேரின்ப நகர் நோக்கிச் செல்லும் கதை அது. அதில் அவர் தம் வாழ்வையே கண்டிருப்பார். 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' அதன் வெறும் மொழிபெயர்ப்பு அன்று. பனியன் விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளை அவர் விரிவாகப் பாடினார்; இடையிடையே தேவார மரபில் இசைப்பாடல்களையும் அமைத்தார். 'கிறித்தவக் கம்பர்' என்று தமிழுலகம் அவரைப் போற்றியது. சமயம் மாறிய பின்னும் கம்பனை அவர் துறக்க நேரவில்லை. இழந்ததாகக் கருதப்பட்ட மரபும் அடைந்த நம்பிக்கையும் அக்கதைக்குள் ஒன்றாகத் தங்க இடம் கண்டன.

மக்கள் நாவில்

ஏடறியா மக்களிடையே இப்பணியைச் செய்தவை கூத்தும் அம்மானையும் ஆகும். கோவாவில் பிறந்து இலங்கையில் தொண்டாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் (1676–1742) 'வியாகுல பிரசங்கம்' தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும்போது, மகனை இழந்த தாயின் புலம்பலில் ஊர்ப்பெண்கள் தத்தம் இழவுகளையும் சேர்த்து அழுவர். நம் ஒப்பாரி மரபறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். மன்னார்ப் பேசாலையிலும் நம் ஆவூரிலும் இயேசுவின் பாடுகள் நாடகமாக நடிக்கப்பட்டு வந்துள்ளன. கைகள் வெட்டுண்டு கானில் விடப்பட்டு, தேவமாதாவின் அருளால் அவற்றை மீளப்பெற்ற ஞானசௌந்தரியின் கதை அம்மானையாகவும் நாடகமாகவும் வழங்கியது. 1948இல் திரைப்படமாகவும் வந்தது. அந்தப் பேதைக்காகக் கண்ணீர் விட்டோர் கிறித்தவர் மட்டும் அல்லர்.

இவற்றை வெறும் மதப் பரப்புக் கருவிகள் என்று ஒதுக்குவாரும் உளர். பரப்பும் நோக்கம் இருந்தது உண்மையே. ஆயின் நோக்கத்தோடு வந்த கதைகள் பல மறைந்துபோயின. நின்றவை, கேட்டவர் தம் துயரை வைத்துக்கொள்ள இடம் தந்தவை மட்டுமே.

அவற்றுக்கும் இன்று இடர் நேர்ந்துள்ளது. அச்சேறிய காப்பியங்கள் நூலகங்களில் உள்ளன. அம்மானை பாடவும் பிரசங்கத்தை உரிய இராகத்தில் வாசிக்கவும் அறிந்தோரோ அருகி வருகின்றனர். ஒரு முதியவர் மறைந்தால் அவரோடு ஓர் இராகமும் மறைகிறது. பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்துக் கவிஞர்கள், தத்தம் ஊர்த் தெருக்களில் எஞ்சியிருக்கும் இத்தகைய கதைகளை, எச்சமயத்தாருடையவை ஆயினும், சொல்வோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். நக்கீரர் கதையைக் காத்து வைத்திருக்கும் ஊருக்கு இது புதிய கடமை அன்று.