குதிரை முடியிலிருந்து சிலிக்கன் குழாய் வரை



"கண்ணுக்குள்ள டியூப் வைக்கணும்" என்று டொக்டர் சொன்னதும் வீட்டில் எல்லாரும் பயந்து விடுகிறோம். அந்தச் சின்னக் குழாய்க்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

நம் கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் சுரந்து, வடிந்து கொண்டிருக்கும். இது கண்ணீர் அல்ல. வடியும் வழி அடைபட்டால் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமடையும். குளுக்கோமா பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

துளை போட்டு நீரை வெளியே விட்டால் என்ன? 1900களின் தொடக்கத்தில் பிரான்ஸில் ரோலெ, மோரோ என்ற இருவர் குதிரை முடியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்கள். 1912இல் இங்கிலாந்தின் சொராப் பட்டு நூலை வைத்தார். பிறகு தங்கம், பிளாட்டினம் எல்லாம் வந்தன. எதுவும் நிலைக்கவில்லை. உடம்பு அதைக் காயமென்று நினைத்து, தழும்பால் வாயை மூடிவிட்டது.

தென்னாபிரிக்காவின் அந்தனி மோல்டெனோ வேறு மாதிரி யோசித்தார். தழும்பைத் தடுக்க முடியாது, ஆனால் அதற்கு இடம் ஒதுக்கலாம். குழாயின் வெளி முனையில் ஒரு சிறிய தட்டைப் பொருத்தினார். தழும்பு தட்டைச் சுற்றி உறை போல வளரும். உள்ளே இருக்கும் இடைவெளியில் நீர் சேர்ந்து மெல்ல உறிஞ்சப்படும். 1969இல் இதை வெளியிட்டார்.

ஆனால் உறை வளர்வதற்கு முந்திய நாட்களில் நீர் அளவுக்கு மிஞ்சி வடிந்து கண் தளர்ந்தது. அதற்குத் தானாகக் கரையும் நூலால் குழாயைக் கட்டி வைத்தார்கள். 1993இல் மதீன் அஹமத் உருவாக்கிய வால்வு அமெரிக்காவில் பாவனைக்கு வந்தது. அழுத்தம் கூடினால் மட்டும் திறக்கும்.

மிஞ்சியது விலை. 2013இல் மதுரையின் ஓரோலாப், வால்வு இல்லாத ஒரு குழாயைக் குறைந்த விலையில் கொண்டு வந்தது.

இவ்வளவு பேர் உழைத்தும், போன பார்வையை எந்தக் குழாயும் திருப்பித் தராது. மிச்சத்தைத்தான் காக்கும். குளுக்கோமா ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது, தெரியவும் தெரியாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் அவசியம் கண் அழுத்தம் பார்க்க வேண்டும். கண்ணுக்கு விடும் மருந்தை டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

இந்த வாரமே உம்மா, வாப்பாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அல்லாஹ் நம் எல்லாருடைய பார்வையையும் பாதுகாப்பானாக.