தொடையிடுக்கின் உடற்கூறு: மர்மத்திலிருந்து இதய சிகிச்சையின் வாசல் வரை

பொன்முடியிலிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு ஏறத்தாழ 60 கி.மீ. முதலில் 22 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் கல்லாற்றுக்கு வரவேண்டும். பிறகு விதுரா, நெடுமங்காடு. எலும்பு முறிந்தவரை மட்டை வைத்துக் கட்டி இந்த வழியில் கொண்டுவந்துவிடலாம். தொடையின் மேற்பகுதியில் தமனி அறுந்தவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள ரத்தம் சுமார் 5 லிட்டர். தொடைத் தமனி திறந்துகொண்டால் உயிர் போகும் அளவுக்கு அது வெளியேறச் சில நிமிடங்கள் போதும். முழங்காலுக்குக் கீழே காயம் என்றால் மேலே இறுக்கிக் கட்டலாம். தொடையின் வேரில் பட்ட காயத்துக்கு மேலே கட்டுவதற்குக் காலே மிச்சமில்லை. துணியைக் காயத்துக்குள் திணித்து, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வரவேண்டியதுதான்.

அந்தப் பாதை முடியும் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது. அங்கே இதே தமனியை மருத்துவர்கள் வேண்டுமென்றே ஊசியால் குத்தி உள்ளே போகிறார்கள். ஆயுதம் படக்கூடாத இடமென்று பழைய மருத்துவம் குறித்துவைத்த இடம், இதயத்துக்கும் மூளைக்கும் போகும் வாசலாக மாறியிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே உடற்கூற்று உண்மை: பெரிய ரத்தக்குழாய் ஒன்று தோலுக்கு மிக அருகில், எலும்பின் மேல் படிந்து ஓடுகிறது. இந்த ஒரு உண்மையை வெவ்வேறு காலத்தவர் எப்படிக் கையாண்டார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து பூப்பெலும்பு வரை சரிவாக ஓடும் கவட்டை நாண்தான் தொடையிடுக்கின் மேல் எல்லை. வெளிப்பக்கம் சார்டோரியஸ் தசை, உட்பக்கம் அடக்டர் லாங்கஸ் தசை. இம்மூன்றும் சேர்ந்து தலைகீழ் முக்கோணமாக அமைகின்றன. பவியாவில் பணியாற்றிய இத்தாலிய உடற்கூற்றறிஞர் அன்டோனியோ ஸ்கார்ப்பாவின் பெயரால் இதனை ஸ்கார்ப்பா முக்கோணம் என்பார்கள். வெளியிலிருந்து உள்ளே வரும்போது முதலில் தொடை நரம்பு, அடுத்துத் தமனி, அதற்கடுத்துச் சிரை. சிரைக்கு உட்பக்கம் ஒரு சிறு இடைவெளி. குடல் அதற்குள் இறங்கினால் தொடைக் குடலிறக்கம். வாய் குறுகலானது என்பதால் இறங்கிய குடல் எளிதில் நெரிபட்டுவிடும். பெண்களிடம் இவ்வகை அதிகம். தமனியும் சிரையும் ஓர் உறைக்குள் இருக்க, நரம்பு அதற்கு வெளியே கிடக்கிறது. தமனிக்குப் பின்னால், ஆழத்தில், தொடை எலும்பின் தலை. விரலை வைத்தால் துடிப்பு தெரியும். அழுத்தினால் தமனி எலும்பின் மேல் நசுங்கி ரத்தம் நிற்கும்.

சுஸ்ருத சம்ஹிதையின் சாரீரஸ்தானம் உடலில் 107 மர்மங்களை, அதாவது அடிபட்டால் ஆபத்தான இடங்களை, எண்ணுகிறது. ஒவ்வொரு காலிலும் பதினொன்று. தொடையின் நடுவே ஊர்வி. அதற்கு மேலே, கவட்டை மூட்டுக்குக் கீழே, தொடையின் வேரில் லோகிதாட்சம். ஊர்வியில் அடிபட்டால் ரத்தம் இழந்து கால் சூம்பும் என்றும், லோகிதாட்சத்தில் பட்டால் ரத்த இழப்பால் கால் செயலிழக்கும் என்றும் நூல் சொல்கிறது. இரண்டு இடத்திலும் விளைவுக்குக் காரணமாக ரத்த இழப்பைத்தான் காட்டுகிறது. இன்றைய வரைபடத்தில் இவ்விரு புள்ளிகளும் தொடைத் தமனியின் தடத்திலேயே விழும். பிணத்தை ஓடுநீரில் ஏழு இரவு ஊறவைத்து, புல்லாலும் மூங்கில் பட்டையாலும் அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்க்கும் முறையையும் அந்நூலே விவரிக்கிறது. இதனால் அமைவிடம் தெரியவரும், ஓட்டம் தெரியாது. ரத்தம் சுழன்றோடுகிறது என்பதை வில்லியம் ஹார்வி நிறுவியது 1628இல். அதை அறியாமலே சுஸ்ருத மரபு இந்த இடத்தின் ஆபத்தைச் சரியாகக் குறித்திருந்தது. போர்க்களக் காயங்களைப் பார்த்துப் பார்த்து வந்த அறிவாகவே அதை நான் வாசிக்கிறேன்.

பொன்முடி அகத்தியமலைத் தொடரைச் சேர்ந்தது. அத்தொடரின் உச்சியான அகத்தியர் கூடம் 1,868 மீட்டர். மர்மத்தை வர்மம் என்று சொல்லும் தென் திருவிதாங்கூர் ஆசான்கள் தம் கலையை அகத்தியரிடமிருந்து தொடங்குவார்கள். வர்மங்கள் 108, அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது அவர்கள் கணக்கு. அடிபட்டபின் இத்தனை நாழிகைக்குள் வர்மத்தை இளக்கி விடுவிக்கவேண்டும் என்று ஓலைச்சுவடிகள் கெடு வைக்கின்றன. வர்மப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் நவீன உடற்கூற்றில் நேர் இணை தேடுவோர் இன்று பலர். அந்த முயற்சி பெரும்பாலும் வலிந்து பொருத்துவதாகவே முடிகிறது. கெடு வைத்த எண்ணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காயத்துக்குக் கடிகாரம் உண்டு என்று அந்த ஆசான்களுக்குத் தெரிந்திருந்தது.

தொடைத் தமனியைத் துணிந்து தொட்டவர் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர். 1785 டிசம்பரில், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில், 45 வயதுக் குதிரைவண்டிக்காரர் ஒருவருக்கு முழங்காலின் பின்புறம் தமனி வீங்கிப் பையாகியிருந்தது. காலை வெட்டுவது அல்லது வீக்கத்துக்கு மிக அருகில் தமனியைக் கட்டுவது என்பது அன்றைய வழக்கம். நோயுற்ற சுவரில் கட்டு நிற்காது. பிய்த்துக்கொண்டு ரத்தம் பீறிடும். ஹன்டர் மேலே போய், தொடையில் தசைகளுக்கிடையே தமனி ஓடும் கால்வாயில், நல்ல சுவருள்ள இடத்தில் கட்டினார். கால் அழுகவில்லை, கிளைக்குழாய்கள் விரிந்து ரத்தத்தைச் சுற்றுவழியில் கொண்டுபோயின. நோயாளி சில வாரங்களில் வீடு திரும்பினார். பதினைந்து மாதம் கழித்து வேறொரு காய்ச்சலில் இறந்தார். அக்கால்வாய்க்கு இன்றும் ஹன்டர் பெயர்தான்.

இந்த உடற்கூறு தமிழில் பாடமாக வந்தது யாழ்ப்பாணம் மானிப்பாயில். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் நூல்களை வெளியிட்டார். திருவனந்தபுரத்தில் மெடிக்கல் காலேஜ் திறந்ததோ 1951இல்தான்.

அடுத்த பெரிய திருப்பத்துக்குக் கத்தி தேவைப்படவில்லை. 1953இல் ஸ்டாக்ஹோமில் ஸ்வென்-இவார் செல்டிங்கர் என்ற இளம் கதிரியக்க மருத்துவர் எளிய வழியொன்றை வெளியிட்டார். ஊசியால் தமனியைக் குத்து, ஊசி வழியே மெல்லிய கம்பியை விடு, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின் மேல் குழாயை நுழை, கம்பியை உருவு. அதுவரை தமனியைக் கீறித் திறக்கவேண்டும், அல்லது குழாயே நுழையும் அளவு தடித்த ஊசி வேண்டும். 1967இல் மெல்வின் ஜட்கின்ஸ் தொடை வழியே போய் இதயத் தமனிகளின் வாயில் தானே பொருந்தும்படி வளைத்த குழாய்களை அறிமுகப்படுத்தினார். 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் அவ்வழியே பலூனை அனுப்பி அடைப்பை விரித்தார். அவரிடம் பயின்ற கோட்டயத்துக்காரர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார்.

தமனிக்குப் பக்கத்திலிருக்கும் சிரைக்கும் தனி வரலாறு உண்டு. மூட்டுவாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிய இளைஞர்கள் நம் நாட்டில் ஏராளம். 1984இல் கான்ஜி இனோவே தொடைச் சிரை வழியே இதயத்தின் வலப்புறம் ஏறி, நடுச்சுவரைத் துளைத்து, பலூனால் வால்வை விரிக்கும் முறையை வெளியிட்டார். அதற்கும் மசியாத வால்வை மாற்றத்தான் வேண்டும். வெளிநாட்டு வால்வின் விலையோ ஏழைகளுக்கு எட்டாதது. அந்தக் கட்டாயத்தில் பிறந்ததுதான் சித்ரா வால்வு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்குப் பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் உள்ள ஆய்வுப் பிரிவில் இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வல்லியத்தான் குழு முதல் மூன்று வடிவங்களில் தோற்று, நான்காவதில் வென்றது. 1990 டிசம்பர் 6இல் முதல் வால்வு ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வல்லியத்தான் 1951இல் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜின் முதல் அணியில் சேர்ந்த மாணவர். பிற்காலத்தில் சரகர், சுஸ்ருதர், வாக்படர் மூவரைப் பற்றியும் தனித்தனி நூல் எழுதினார். சுஸ்ருதர் நூல் 2007இல் வந்தது. லோகிதாட்சத்தைப் படித்தவரும் வால்வு தைத்தவரும் ஒரே ஆளாக இருந்தது இவ்வூரின் மருத்துவ வரலாற்றில் அபூர்வமான நிகழ்வு.

வாசலென்றாலும் ஆபத்து போய்விடவில்லை. கவட்டை நாணுக்கு மேலே குத்திவிட்டால் ரத்தம் வயிற்றறையின் பின்புறம் கசியும். வெளியே ஒரு துளியும் தெரியாது. முதுகுவலியும் சரியும் ரத்த அழுத்தமுமே அடையாளம். மிகக் கீழே, தமனி கிளைபிரிந்த இடத்தில் குத்தினால், அழுத்திப் பிடிக்கப் பின்னால் எலும்பு இருக்காது. போலி வீக்கமோ தமனி–சிரை இணைப்போ உண்டாகும். எக்ஸ்ரேயில் தொடை எலும்புத் தலையைப் பார்த்துக் குத்துவது இதனால்தான். தொடை வழியே ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் காலை மடக்காமல், இடுக்கில் மணல் மூட்டையோடு மணிக்கணக்கில் படுத்திருந்ததை மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கசிவுக்கு அஞ்சியே மருத்துவர்கள் மணிக்கட்டுக்கு மாறினார்கள். 1989இல் மான்ட்ரியலில் லூசியன் காம்போ அவ்வழியைக் காட்டினார். 2015இல் வெளியான, 8,000 பேருக்கு மேல் பங்கேற்ற மேட்ரிக்ஸ் ஆய்வு, கை வழியில் ரத்தக்கசிவு குறைவு என்று காட்டியது. இன்று ‘கை வழியா, தொடை வழியா?’ என்று நோயாளிகளே கேட்கிறார்கள். ஆனால் மணிக்கட்டுத் தமனியின் விட்டம் சுமார் 2 முதல் 3 மி.மீ.; தொடைத் தமனி 6 முதல் 9 மி.மீ. வரை. 2002இல் ருவானில் அலன் கிரிபியே தொடங்கிவைத்த, மார்பைத் திறக்காமல் வால்வு பொருத்தும் முறைக்கு இன்றும் சுமார் 5 மி.மீ. விட்டமுள்ள குழாய் நுழைய வேண்டும். அதற்குப் பெரும்பாலும் தொடையே வழி.

2020இல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகத்துடன் இணைந்து உருவாக்கிய இரண்டு கருவிகளின் தொழில்நுட்பத்தைப் புனே நிறுவனம் ஒன்றுக்கு வழங்கியது. நிட்டினால் உலோகக்கலவையால் ஆனவை இரண்டும். ஒன்று, இதயச் சுவரின் ஓட்டையை அடைப்பது. இவ்வகைக் கருவி தொடைச் சிரை வழியே போகும். மற்றொன்று, மூளைத் தமனியில் வீங்கிய பைக்குள் ரத்தம் பாயாமல் திசைதிருப்பும் வலைக்குழாய். ஹன்டர் தமனி வீக்கத்தைத் தணிக்கத் தொடைத் தமனியைக் கட்டி மூடினார். இவ்வகை வலைக்குழாயோ பெரும்பாலும் அதே தமனியைத் திறந்துதான் மூளைக்கு ஏறுகிறது.