இலைத்துளையின் இரு வரலாறுகள்

இலைத்துளையைப் பற்றி இரண்டு துறைகள் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒன்றையொன்று பாராமலே ஆராய்ந்துவந்தன. தாவர உடலியலாருக்கு அது நீரைக் காக்க மூடித் திறக்கும் உறுப்பு. நோயியலாருக்கோ கிருமி நுழையும் வெறும் ஓட்டை. இரு பார்வைகளும் உறுதியாக இணைந்தது 2006இல். இணைப்பதற்கான தடயங்களோ 1969இலேயே அச்சில் கிடந்தன.

உடலியல் வரலாறு படிப்படியாக நகர்ந்தது. துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்கள் நீரேறி விறைத்தால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடும் என்பதை 1856இல் ஜெர்மானியர் ஹ்யூகோ ஃபான் மோல் விளக்கினார். விறைப்பு எதனால் கூடிக் குறைகிறது? காப்புச் செல்லிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதே காரணம் என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செல்வாக்குடன் இருந்தது. 1943இல் ஜப்பானில் இமாமுரா பொட்டாசியத்தைச் சுட்டினார். மேலைநாடுகளில் அதைக் கவனித்தவர் சிலரே. ஃபிஷரின் அவரை இன ஆய்வு 1968இல் வெளிவந்த பிறகே பொட்டாசிய அயனிகளின் வரத்து பொதுவாக ஏற்கப்பட்டது.

நோயியல் வரலாற்றில் இலங்கைக்கு முதன்மையான இடம் உண்டு. 1869இல் அங்கே பதிவான கோப்பித் துருநோயை ஆராய, 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் அனுப்பப்பட்டார். பூஞ்சை வித்து இலையின் அடிப்பரப்பில் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே புகுவதை அவர் படிப்படியாகக் காட்டினார். கோப்பித் தோட்டங்களை அது காப்பாற்றவில்லை. தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. வார்டின் பணி மிக நுட்பமானது. ஆனால் அதன் மையம் பூஞ்சை; துளை, அது கடந்துசென்ற வழி மட்டுமே. அடுத்து வந்த நோயியலும் அந்தப் பார்வையிலேயே ஊன்றி நின்றது. 1987இல் ஹாக் குழுவினர் அவரைத் துருப்பூஞ்சையை ஆராய்ந்து, துளையின் விளிம்பிலுள்ள சுமார் அரை மைக்ரோமீட்டர் உயர மேட்டைத் தொட்டே அது வழியறிகிறது என்று கண்டபோதும், அறியும் திறன் பூஞ்சைக்கே உரியதாக இருந்தது.

1969க்கு வருவோம். அந்த ஓராண்டில் 'நேச்சர்' இதழ் மூன்று ஆய்வுகளை வெளியிட்டது. தாவர ஹார்மோனான அப்சிசிக் அமிலம் இலைத்துளையை மூடுகிறது என்றது ஒன்று. வாடும் கோதுமை இலையில் அதே அமிலம் பன்மடங்கு பெருகுகிறது என்றது இன்னொன்று. மூன்றாவது, பாதாம், பீச் மரங்களைத் தாக்கும் பூஞ்சையின் ஃபியூசிகாக்சின் என்ற நஞ்சு, துளையைத் திறந்துவைத்து இலையை வாடச் செய்கிறது என்றது. தாவரம் மூடுகிறது, கிருமி திறக்கிறது: மோதலின் இரு தரப்பும் ஒரே இதழில் இருந்தும் அவற்றை ஒரே மோதலாகச் சேர்த்துப் பார்த்தவர் இருந்ததாகத் தெரியவில்லை. நோயியலார் ஃபியூசிகாக்சினை வாடலுக்கான நஞ்சாக மட்டுமே படித்தார்கள் என்று கருதுகிறேன்.

1999இல் ஒரு முன்னறிகுறி தென்பட்டது. பூஞ்சைச் சுவரோடு தொடர்புடைய கைட்டோசான் பட்டாலே துளை சுருங்குவதைக் கொரிய ஆய்வாளர்கள் கண்டனர். பிறகு 2006இல், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெலோட்டோவும் ஷெங் யாங் ஹேயின் குழுவும் அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் இலைமேல் சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியாவை விட்டுப் பார்த்தனர். ஓரிரு மணி நேரத்தில் துளைகள் மூடின. மூன்று நான்கு மணி நேரத்தில் மீண்டும் திறந்தன. மூட வைத்தது, பாக்டீரியாவின் கசையிழைப் புரதம் போன்ற பொது அடையாளங்களை இலை இனங்கண்டதே. தாவரத்துக்கு நோயே தராத மனிதக் குடல் பாக்டீரியா ஈ.கோலைக்கும் துளை மூடியது. திறக்க வைத்தது பாக்டீரியா சுரந்த கொரோனட்டின். அது தாவரத்தின் ஜாஸ்மோனேட் ஹார்மோனைப் போல வேடமிடும் நஞ்சு. கொரோனட்டின் இல்லாத பாக்டீரியா இலைமேல் விடப்பட்டால் வலுவிழந்துபோவதை 1995இல் மிட்டலும் டேவிஸும் பதிவு செய்திருந்தனர். அதன் பொருள் இப்போதுதான் விளங்கியது.

வறட்சிக்கும் நோய்க்கும் ஒரே வழியில்தான் துளை மூடுகிறதா? கடைசிக் கட்டம் பெரும்பாலும் பொது. எதிர்மின் அயனிகள் வெளியேறுகின்றன, பொட்டாசியம் தொடர்கிறது, நீரும் பின்னே போகிறது, செல் தளர்கிறது. தொடக்கக் கட்டங்கள் வேறுபடுகின்றன. 2020இல் விவரிக்கப்பட்ட ஆஸ்கா 1.3 என்ற கால்சிய வாயில் கிருமியின் அடையாளத்துக்குத் துளை மூடத் தேவைப்பட்டது. அப்சிசிக் அமிலத்துக்கு மூட அது தேவைப்படவில்லை.

மூடுவது எப்போதும் தாவரத்துக்கு நன்மை என்ற எண்ணத்தை 2022 கலைத்தது. அதே சூடோமோனாஸ் பாக்டீரியா உள்ளே புகுந்தபின், தன் புரதங்களால் அப்சிசிக் அமில வழியைத் தூண்டித் துளையை மூடிவிடுகிறது என்று இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. நீராவி வெளியேற வழியின்றிச் செல் இடைவெளிகளில் நீர் தேங்குகிறது. அந்த ஈரத்தில் பாக்டீரியா பெருகுகிறது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, மூடிய துளையை மீண்டும் திறக்கச் செய்யும் சிறு புரதச் செய்திகளைத் தாவரமே உண்டாக்குகிறது என்றது. நுழைவைத் தடுக்க மூடுவதும், புகுந்துவிட்டவற்றுக்கு ஈரம் கிடைக்காமலிருக்கத் திறப்பதும் ஒரே பாதுகாப்பின் இரு கட்டங்கள். ஆகவே, அப்சிசிக் அமில உணர்வு கூடிய வறட்சி தாங்கும் பயிர் வகைகளை உருவாக்குவோர், ஈரம் மிகுந்த நாள்களில் பாக்டீரியாவை எதிர்கொள்ளவிட்டும் அவற்றைச் சோதிக்க வேண்டும்.