ஓர் ஆண், மூன்று பெண்கள்: கறிவேப்பிலை மரத்து வண்ணத்துப்பூச்சியின் கதை

எங்கட வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் குருவி எச்சம் மாதிரி ஒரு புழு ஒட்டிக்கொண்டு கிடக்கும். தேசிக்காய்க் கன்றிலும் கிடக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில நாளில் அது பச்சையாகிக் கொழுத்துவிடும். ஈர்க்கால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாய்ப் பிரிந்த சிவப்புக் கொம்பொன்றை வெளியே தள்ளும், கூடவே ஒரு மணமும் வரும். அம்மாமார் கண்டால் இலையோடு பிடுங்கி எறிஞ்சுபோடுவினம். எறியாமல் விட்டால் கூடாகி, பிறகு கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துபோகும்.

இந்தப் பூச்சியை ஆங்கிலத்தில் கொமன் மோர்மன் என்பார்கள். அறிவியல் பெயர் பப்பிலியோ பொலிட்டெஸ். அபூர்வமானது ஒன்றும் இல்லை, வேலியோரம் எல்லாம் பறக்கிறதுதான். ஆனால் இதை "இது இன்ன இனம்" என்று சரியாகச் சொல்வதற்கு ஐரோப்பிய விஞ்ஞானத்துக்கு நூறு வருசத்துக்கு மேல் எடுத்தது. அந்தச் சிக்கல் தீர்ந்ததில் எங்கட தீவுக்கும் ஒரு பங்கு இருக்கு. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சிக்கல் பெண்களால் வந்தது. ஆண் எப்போதும் ஒரே மாதிரி: முழுக் கறுப்பு, பின்சிறகில் குறுக்கே வெள்ளைப் பொட்டு வரிசை. பெண் மூன்று வேசத்தில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இரண்டாவதுக்குப் பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள். மூன்றாவதுக்கு முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்சிறகில் சிவப்புப் பொட்டுகள். ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்தே இந்த வேசங்கள் கலந்து வரலாம். தெரியாத ஒருவர் இவற்றை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்று இனம் என்றுதான் சொல்லுவார்.

சொன்னார்களும். 1758இல் சுவீடனின் லின்னேயஸ் தன்னுடைய பெரிய பெயர்ப்பட்டியலை வெளியிட்டபோது வெப்பவலய வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஹோமரின் காவிய மாந்தர்களின் பெயர்களை அள்ளி வைத்தார். அவர் வெப்பவலயப் பக்கமே வந்ததில்லை. கப்பல்களில் போய்ச் சேர்ந்த, குத்தூசியில் குத்திய உடல்களைத்தான் அவர் பார்த்தார். எங்கட பூச்சியின் ஆணுக்கு "பம்மோன்" என்றும், பெண்ணின் ஒரு வேசத்துக்கு "பொலிட்டெஸ்" என்றும் இரண்டு இனமாகப் பெயர் வைத்தார். டிரோய் நகரத்து அரசன் பிரியாமின் பிள்ளைகள் இருவரும். ஒரே வீட்டுச் சகோதரர்களின் பெயர் அமைந்தது தற்செயல்தான், ஆனால் பொருத்தமாகத்தான் இருக்கு. பிறகு 1775இல் ஒல்லாந்து வணிகர் பீற்றர் கிராமர், சிவப்புப் பொட்டு வைத்த மூன்றாவது பெண்ணுக்கு "ரோமுலஸ்" என்று ரோமாபுரியை நிறுவியவனின் பெயரைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் எங்கட கரையோரம் ஒல்லாந்தரின் கையில் இருந்தது. பெண் பூச்சிகளுக்கு ஆண்பிள்ளைப் பெயராகத் தேடித் தேடி வைத்திருக்கிறார்கள் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோம்.

இதை அவர்களின் முட்டாள்தனம் என்று சொல்ல ஏலாது. சேகரிப்பு என்ற வேலையின் இயல்பே அப்படித்தான். வலையில் பிடித்த பூச்சியின் மார்பை இரண்டு விரலால் நசுக்கிக் கொல்வார்கள், சிறகு உரசாமல் இருக்க முக்கோணமாக மடித்த கடதாசிக்குள் வைப்பார்கள். ஊர்போய்ச் சேர்ந்ததும் ஈரப்பதத்தில் வைத்து இளக்கி, பலகையில் சிறகை விரித்து ஊசி குத்துவார்கள். இடையில் எறும்பு வரும், பூஞ்சணம் வரும். பெட்டிக்குள் கற்பூரம் போடவேணும். இத்தனையையும் தாண்டி மிஞ்சுவது நிறமும் வடிவமும் மட்டும். எந்த இலையைத் தின்றது, எதோடு சோடி சேர்ந்தது, எப்படிப் பறந்தது என்பதெல்லாம் காட்டிலேயே நின்றுவிடும்.

பள்ளிக்கூடக் காலத்தில் நாங்களும் சப்பாத்துப் பெட்டியில் ரெஜிபோம் ஒட்டி, குண்டூசி குத்திப் பூச்சிப்பெட்டி செய்தவர்கள்தான். மாரி முடியமுன்னம் முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அந்தப் பெட்டியில் ரோமுலஸ் ஒன்றும் இருந்தது. அதன் கீழே எழுதியிருந்த பெயர் "கிரிம்சன் ரோஸ்". அதாவது ஹெக்டர். பிழை.

இந்தப் பிழைதான் விடயத்தின் மையம். கிரிம்சன் ரோஸ் என்பது வேறோர் இனம். லின்னேயஸ் அதற்கு ஹெக்டரின் பெயரை வைத்தார், அவனும் பிரியாமின் மகன்தான். அதன் புழு ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிகளைத் தின்று, அவற்றின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைக்கும். ஒருமுறை கடித்த குருவி மறுபடி கிட்டப் போகாது. எங்கட கறிவேப்பிலைப் பூச்சிக்கு அப்படி நஞ்சு ஒன்றும் இல்லை. ஆனால் ரோமுலஸ் பெண் ஹெக்டரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு திரியும். வெள்ளைத் திட்டு வைத்த மற்றப் பெண்ணோ கொமன் ரோஸ் என்ற இன்னொரு நஞ்சுப் பூச்சியின் உடுப்பில் திரியும். ஏமாந்தது குருவி மட்டுமில்லை.

அமேசன் காட்டில் பதினொரு வருசம் இருந்த ஹென்றி பேற்ஸ்தான் 1862இல் இந்த ஆள்மாறாட்டத்தை முதலில் விளக்கினார். அவரோடு 1848இல் அமேசனுக்குப் போனவர் அல்பிரட் ரசல் வொலஸ். நாடு திரும்பும் வழியில் 1852இல் கப்பல் தீப்பிடித்து வொலஸின் சேகரிப்பு பெரும்பாலும் அழிந்தது. மனிதர் மனம் தளராமல் 1854இலிருந்து 1862வரை மலாயத் தீவுக்கூட்டத்தில் திரிந்து 125,660 மாதிரிகளைச் சேர்த்தார். அதில் 13,100 வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும். இவ்வளவையும் தனியாகப் பிடித்தார் என்று நினைக்காதீர்கள். சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர் பல வருசம் அவரோடு நின்று வேட்டையாடியும் பதப்படுத்தியும் கொடுத்தார்.

பிழைப்புக்காகப் பூச்சி விற்றவர் என்றாலும் வொலஸ் அவற்றை உயிரோடு பறக்கும் இடத்திலேயே பார்த்தவர். 1864இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், பம்மோன், பொலிட்டெஸ், ரோமுலஸ் எல்லாம் ஒரே இனம், பெண்களின் வேறு வேறு வேசங்கள் நஞ்சுப் பூச்சிகளைப் பார்த்து வந்தவை என்று வாதிட்டார். கடைசியில் நிலைத்த பெயர் பொலிட்டெஸ். கொமன் மோர்மன் என்ற ஆங்கிலப் பெயரும் இந்தக் கதையிலிருந்துதான் வந்தது என்பார்கள்: ஓர் ஆணுக்குப் பல மாதிரிப் பெண்கள் என்றதும், பலதார மணத்துக்குப் பேர்போன மோர்மன் சமயத்தவர் நினைவுக்கு வந்திருக்கிறார்கள். பகிடி பழசு, பெயர் மட்டும் நிற்குது.

இப்போது இலங்கைக்கு வருவோம். 1880க்கும் 1887க்கும் இடையில் பிரெடரிக் மூர் என்பவர் லண்டனிலிருந்து "இலங்கையின் லெப்பிடொப்டெரா" என்ற நூலை மூன்று தொகுதியாக வெளியிட்டார். இலங்கை அரசாங்கத்தின் ஆதரவோடு வந்த நூல், 215 வர்ணத் தகடுகள். அட்டையில் மூரின் பெயர். ஆனால் அந்தத் தகடுகளுக்கான சித்திரங்கள் பேராதனைப் பூங்காவில் வரையப்பட்டவை. பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸின் கீழ் வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் என்ற சிங்களச் சகோதரர்கள் அவற்றை வரைந்தார்கள். தகப்பன் ஹர்மனிஸ் டி அல்விஸ் செனவிரத்ன அதே பூங்காவில் 38 வருசம் தாவரங்களை வரைந்தவர்.

அந்தச் சித்திரங்களில் எங்களுக்குப் பிடித்த விசயம் வேறு. சிறகு விரித்த பூச்சி மட்டும் அங்கே இல்லை. புழு, கூடு, அது தின்னும் செடி எல்லாம் சேர்ந்து இருக்கும். புழுவின் நிறத்தைச் செத்த பிறகு வரைய ஏலாது, நிறம் மங்கிவிடும். யாரோ முட்டையையும் புழுவையும் கொண்டுவந்து, இலை போட்டு வளர்த்து, தோல் உரிக்க உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அப்படி ஒரு படம் வரும். லண்டனில் இருந்தவருக்குச் சிறகு தெரியும். எந்தப் புழு எந்தச் சிறகாக மாறும் என்பது பேராதனையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நூலைப் பேசுகிறவர்கள் மூரின் நூல் என்றே சொல்லுவினம். நாங்கள் டி அல்விஸ் நூல் என்றும் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு அடுத்த ஆளைத் தெரிந்திருக்கும். பரம்பரையியல் கணக்குச் செய்யக் கட்டம் போடுவோமே, பனற் சதுரம், அந்தப் பனற். கேம்பிரிட்ஜ்காரர். அவர் 1909இல் இந்த வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்கவென்று இலங்கைக்கு வந்தார். அடுத்த வருசம் கொழும்பு நூதனசாலையின் சஞ்சிகையான ஸ்பொலியா செலனிக்காவில் அதைப் பற்றி எழுதினார். 1915இல் அதே விடயத்தில் ஒரு புத்தகமும் போட்டார்.

ஆனால் மூன்று பெண்களும் ஒரே இனம் என்று வொலஸ் சொன்னதுக்கு, பரம்பரைக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்ட வளர்த்துத்தான் பார்க்கவேணும். அதைச் செய்தவர் ஃபிரையர் என்ற இன்னொரு கேம்பிரிட்ஜ்காரர். 1911 தொடக்கம் 1913 வரை இலங்கையில் இந்தப் பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். எந்தத் தாய்க்கு எந்தத் தகப்பன், பிள்ளைகளில் எத்தனை எந்த வேசம் என்று எண்ணிப் பதிந்தார். விடை இதுதான்: வேசத்தைத் தீர்மானிக்கும் காரணி ஆணிடமும் இருக்கும், ஆனால் ஆணில் அது வெளியே தெரியாது. மகளுக்குக் கடத்திவிடும். அதனால்தான் எல்லா ஆணும் ஒரே மாதிரி இருக்க, அவற்றின் மகள்மார் மூன்று மாதிரி வருகிறார்கள். எவ்வளவு பெரிய பெட்டியில் எத்தனை ஆயிரம் உடல் இருந்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க ஏலாது.

அந்தக் காரணி எது என்று தெரிய இன்னும் நூறு வருசம் சென்றது. 2014இல் கிருஷ்ணமேக் குண்டே, மார்க்கஸ் குரோன்ஃபோர்ஸ்ற் முதலானோர் அது "டபிள்செக்ஸ்" என்ற ஒற்றை மரபணு என்று காட்டினார்கள். பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டை நடத்துகிற மரபணு அது. அதே மரபணு சிறகின் உடுப்பையும் மாற்றுகிறது.

பெட்டியில் அடைக்கிற ஆசை மட்டும் முடியவில்லை. 2024 மே மாதம் யால தேசிய பூங்காவில் இத்தாலியர் இருவர் பிடிபட்டார்கள். அவர்களின் போத்தல்களில் 92 இனத்துப் பூச்சிகள், வண்ணத்துப்பூச்சிகளும் அதில். செப்டெம்பரில் நீதிமன்றம் ஆறு கோடி ரூபா தண்டம் விதித்தது. செய்தியைப் பகிர்ந்த பலர் "பூச்சிக்கு ஆறு கோடியா" என்று சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. லின்னேயஸ் காலத்துச் சேகரிப்பாளருக்கு வேறு வழி இருக்கவில்லை, கமராவும் இல்லை. இப்ப கையிலிருக்கும் போன் சிறகின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டையும் எடுத்துவிடும். அருகிப்போன இனமென்றால் ஒரு பெண்ணைப் பிடிப்பது அது இடவிருந்த முட்டையையும் சேர்த்துப் பிடிப்பதுதான்.

ரோமுலஸையும் ஹெக்டரையும் பிரித்தறிய ஊசியே வேண்டாம். உடம்பைப் பாருங்கள். ஹெக்டரின் தலையும் வயிறும் நல்ல சிவப்பு. ரோமுலஸ் உடுப்பைக் களவெடுத்தது, உடம்பை எடுக்க மறந்துவிட்டது: அது கறுப்பு. நாயுண்ணிப் பூவிலோ வெட்சியிலோ வந்து குந்தும்போது ஒரு கணம் போதும். பள்ளிக்கூடத்தில் இதை ஒருவர் சொல்லித் தந்திருந்தால் எங்கட சப்பாத்துப் பெட்டியில் அந்தப் பிழை வந்திராது.

போன மார்கழியில் எங்களில் ஒருவரின் வீட்டில் தேசிக்கன்றிலிருந்து ஏழு புழுக்களை எடுத்து, வாயில் நுளம்பு வலைத் துண்டு கட்டிய பெரிய போத்தலில் வைத்தோம். ஒவ்வொரு நாளும் புது இலை. இரண்டு புழு காரணம் தெரியாமல் செத்துப்போயின. ஒரு கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவிகள் வந்தன. மிச்சம் நாலு. முதல் மூன்றும் கறுப்பில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு வந்தன. எல்லாம் ஆண் என்று ஒருவர், ஒன்றாவது ஆண்வேசப் பெண்ணாக இருக்கும் என்று இன்னொருவர். சண்டை தீரமுன்னமே மூன்றும் பறந்துவிட்டன. நாலாவது விடியற்காலையில் வந்தது, சிறகு இன்னும் ஈரம். பின்சிறகில் சிவப்புப் பொட்டு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதையோ நான் இவ்வளவு நாளும் பிடுங்கி எறிஞ்சனான்?" என்று கேட்டா.