புரோப்பேனுக்கு அடுப்பு மாற்றுதல்

குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கென்று செய்த வீட்டு அடுப்பைப் புரோப்பேனில் எரியும்படி திருத்தியமைக்கும் வேலையைப் புரோப்பேன் மாற்றம் என்கிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது அன்றாடம் நடப்பது. அங்கே நகரத் தெருக்களுக்கு அடியில் இயற்கை எரிவாயுக் குழாய் ஓடுகிறது; அந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். குழாய் எட்டாத பண்ணை வீடுகளிலும் மலைக் கிராமங்களிலும் வாசலுக்கு வெளியே பெரிய தொட்டி நிற்கும். அதில் இருப்பது புரோப்பேன். கடைக்கு வரும் அடுப்புகளில் பெரும்பாலானவை நகரத்துக் குழாய் வாயுவுக்கே அமைக்கப்பட்டவை. ஆகவே, தொட்டி வைத்திருக்கும் ஒருவர் பழைய அடுப்பை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கினால், வாங்கியதை அப்படியே பொருத்திவிட முடியாது. அங்குள்ள அடுப்பு நம் ஊர் மேசை அடுப்பைப் போன்றதும் அல்ல. மேலே நான்கைந்து பர்னர், கீழே ஓவன், இரண்டும் சேர்ந்து சுமார் 30 அங்குல அகலத்தில் தரையில் நிற்கும் ஒரே பெட்டி. இதை மாற்றுவது, வாயு சீறி வரும் துளையுள்ள ஜெட்டுகளைக் கழற்றி வேறு ஜெட்டுகளைத் திருகும் சில்லறை வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஜெட், அழுத்தம், காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து மாறினால்தான் இந்த வேலை முடிந்ததாகக் கொள்ள முடியும். பாதியில் விட்ட மாற்றம், தொடவே தொடாத அடுப்பைவிட ஆபத்தானதாக இருக்கலாம். இதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

ஒரு கன அடி இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் 1,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் கிடைக்கும். அதே அளவு புரோப்பேன் சுமார் 2,500 பிடியூ தரும். அப்படியானால் மாற்றாத அடுப்பில் தீ இரண்டரை மடங்கு பெரிதாகும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அவ்வளவு ஆகாது. ஒரே துளை வழியாக ஒரே அழுத்தத்தில் பாயும்போது கனமான வாயு மெதுவாகத்தான் போகும். காற்றின் அடர்த்தியை 1 என்று வைத்தால் இயற்கை எரிவாயு 0.6, புரோப்பேன் 1.5. வெப்ப மதிப்பை அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு வோபே எண் என்று பெயர். 1920களில் இத்தாலியரான கோஃப்ரெடோ வோபே வகுத்த இந்த அளவைத்தான் இன்றும் எரிவாயுத் துறை ஒரு வாயுவுக்குப் பதில் இன்னொன்றை எரிக்கலாமா என்று பார்க்கப் பயன்படுத்துகிறது. மேற்சொன்ன எண்களைப் போட்டால் இயற்கை எரிவாயுவுக்கு ஏறத்தாழ 1,300, புரோப்பேனுக்கு 2,000க்குச் சற்று மேல் வரும். அதாவது எதையும் மாற்றாமல் புரோப்பேனை இணைத்தால் ஒவ்வொரு பர்னரும் தனக்கு விதித்ததைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கக்கும்.

அடுத்தது அழுத்தம். அமெரிக்க அடுப்புகளுக்குள் ஒரு சிறு ரெகுலேட்டர் இருக்கிறது. இயற்கை எரிவாயுவுக்கு அது பொதுவாக 5 அங்குல நீர்மட்ட அழுத்தத்தில் வாயுவை விடும். புரோப்பேனுக்கு 10 அங்குலம். நம் வீட்டு சிலிண்டர் ரெகுலேட்டர் தரும் 30 மில்லிபார், இதே கணக்கில் 12 அங்குலம். புரோப்பேனுக்கு ஏன் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்? எரிவதற்கு வேண்டிய காற்றில் ஒரு பகுதியை ஜெட்டிலிருந்து சீறும் வாயுவே பர்னர் குழாய்க்குள் இழுத்துக்கொள்கிறது. ஒரு பங்கு மீத்தேனுக்கு சுமார் 9.5 பங்கு காற்று போதும். ஒரு பங்கு புரோப்பேனுக்கு 24 பங்கு வேண்டும். வெளியே வரும் வாயுவின் அளவோ குறைவு. குறைந்த வாயு அதிகக் காற்றை இழுக்க வேண்டுமானால் சிறிய துளை வழியாக வேகமாகச் சீற வேண்டும். அதனால்தான் துளை சுருங்குவதும் அழுத்தம் கூடுவதும் சேர்ந்தே நடக்க வேண்டியிருக்கிறது. அழுத்தம் இரட்டித்தால் பாயும் வேகம் சுமார் 1.4 மடங்காகும். ரெகுலேட்டரை மட்டும் புரோப்பேனுக்குத் திருப்பிவிட்டு ஜெட்டுகளை விட்டுவிட்டால், ஒன்றரை மடங்கில் இருந்த வெப்பம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். நான் சொன்ன பாதி வேலை இதுதான். ஜெட்டுகளை மாற்றி ரெகுலேட்டரை மறந்தவருக்கு நேர்மாறான தொல்லை: தீ நோஞ்சானாக எரியும், காற்றும் போதிய அளவு உள்ளே வராது. இரண்டும் சரியாக மாறினால் ஜெட் துளையின் விட்டம் பழையதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக நிற்கும்.

வேலையை அருகில் பார்த்தால் எது எளிதில் விட்டுப்போகும் என்று தெரியும். மேல் பர்னரின் மூடியை எடுத்தால் நடுவே உள்ள குழிக்குள் கடலைப் பருப்பைவிடச் சற்றுப் பெரிய பித்தளைத் திருகு தெரியும், அதுதான் ஜெட். பல அடுப்புகளில் 7 மில்லிமீட்டர் ஸ்பானர் அதற்குப் பொருந்தும். அதன் தலையில் பொடி எழுத்தில் ஒரு எண் பொறித்திருப்பார்கள். பெரும்பாலும் அது துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் காட்டுவது. ஒரே அடுப்பில் பெரிய பர்னருக்கு ஒரு எண், சிறியதற்கு வேறு எண் என்பதால் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரெகுலேட்டரில் ஒரு மூடியைக் கழற்றி, அதற்குள் இருக்கும் சிறு முளையைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால் அழுத்தம் மாறிவிடும். இதுவரை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நடக்கிறது. ஓவனின் பர்னர் தரைத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேலிருந்து சுடும் பர்னர் தனியாக இருந்தால் அதற்கும் ஒரு ஜெட் உண்டு. சில அடுப்புகளில் ஓவன் ஜெட்டைக் கழற்றவே வேண்டாம். அதன் தொப்பியை உள்ளேயிருக்கும் ஊசியின் மேல் படியும்வரை முடுக்கினாலே துளை சுருங்கிவிடும். பலத்தைக் காட்டினால் ஊசி கெட்டுவிடும். அந்தப் பர்னரின் கழுத்தில் உள்ள காற்றுத் தடுப்பையும் புரோப்பேனுக்கு அகலத் திறக்க வேண்டும். கடைசியாக ‘சிம்’. குமிழைப் பிடுங்கினால் வால்வுத் தண்டின் நடுவிலோ பக்கத்திலோ ஒரு நுண்ணிய திருகு தெரியும். குறைந்த தீயின் அளவை அதுதான் தீர்மானிக்கிறது. அதைத் தொடாமல் விட்டால் சிம்மில் வைத்த பாலும் பொங்கும். மாற்றம் முடிந்த அடுப்பில் குமிழைச் சட்டென்று பெரிதிலிருந்து சிம்முக்குத் திருப்பினாலோ ஓவன் கதவை வேகமாகச் சாத்தினாலோ தீ அணையக் கூடாது.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம்: “அடுப்பு எரிகிறதே, பிறகு என்ன?” எரிவது மாற்றம் சரி என்பதற்குச் சான்றாகாது. தவறாக மாற்றிய அடுப்பும் பற்றவைத்த உடனே எரியத்தான் செய்யும். போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதும் தீ நீண்டு மஞ்சளாக ஆடுவதும் வெளியில் தெரிகிற அறிகுறிகள். ஆனால் அவை மேல் பர்னரில்தான் தெரியும். ஒரு மணி நேரம் மூடிய கதவுக்குள் எரியும் ஓவனில், அதுவும் மாற்ற மறந்த ஓவனில், யாரும் குனிந்து பார்ப்பதில்லை. புரோப்பேன் தீயின் நுனியில் லேசான மஞ்சள் இயல்பானது என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன. ஆகவே நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. குமிழைக் கொஞ்சமாகத் திறந்து பெரிய தீயைச் சமாளிக்கலாம் என்பாரும் உண்டு. குமிழைக் குறைத்தால் ஜெட்டுக்கு வரும் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் இழுக்கும் காற்றும் குறைகிறது. தீ சிறிதாகும், ஆனால் சுத்தமாகாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் நம் ஊர்க்காரர்களிடமிருந்து வரக்கூடும். சென்னை உள்ளிட்ட நகரங்களில் குழாய் எரிவாயு இணைப்பு வரும் வீடுகளில் இருக்கிற சிலிண்டர் அடுப்பையே மாற்றித் தருகிறார்கள். ஜெட்டின் துளையைப் பெரிதாக்கினால் முடிந்தது; பெரும் விபத்தொன்றும் நடப்பதில்லையே என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் எதிர்த்திசையில் நடப்பது. சிலிண்டரில் வருவது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கனமான வாயு. குழாயில் வருவது மீத்தேன், 21 மில்லிபார் அழுத்தத்தில். அங்கே துளை பெரிதாக வேண்டும். பித்தளையைத் துளைப்பது யாராலும் ஆகிற காரியம். மாற்ற மறந்தாலும் தீ சிறுத்துப்போகுமே தவிர, பொங்கி எழாது. புரோப்பேனுக்கு மாற்றும்போது துளை சிறுக்க வேண்டும். இருக்கிற துளையை எந்தத் துரப்பணமும் சிறிதாக்காது. மறதியின் விளைவும் பெரிய தீயாகத்தான் வரும். பழைய அடுப்பைக் கைமாற்றி வாங்கியவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். அடுப்போடு வந்த சிறிய ஜெட்டுகளை முந்தைய உரிமையாளர் எங்கோ போட்டிருப்பார். அந்த மாடலுக்கு வேறு ஜெட் கடையில் கிடைக்காமலும் போகலாம். (வட அமெரிக்காவில் பியூட்டேன் கலக்காததற்குக் காரணம் குளிர். பியூட்டேன் சுழி பாகை செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் கழித்தல் 42 பாகை வரை ஆவியாகும்.) சாதனத்தை வாயுவுக்கேற்ப மாற்றியே தீர வேண்டும் என்பதற்குப் பெரிய சான்று பிரிட்டனில் இருக்கிறது. நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவை விட்டு வடகடல் இயற்கை எரிவாயுவுக்கு அந்த நாடு 1967 முதல் 1977 வரை மாறியது. வீடு வீடாக ஆட்களை அனுப்பி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் சாதனங்களுக்குப் பர்னர்களையும் ஜெட்டுகளையும் மாற்றினார்கள். வாயுவை அனுப்பிவிட்டு மக்களே குமிழைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று விடவில்லை.

அடுப்பைப் பொருத்தும் பக்கம் இன்னொரு வேறுபாடு உண்டு. இயற்கை எரிவாயு கசிந்தால் மேலே போகும். புரோப்பேன் தரையில் படர்ந்து நிலவறைப் படிக்கட்டில் இறங்கித் தேங்கும். காற்றில் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கலந்தாலே பற்றிக்கொள்ளும். மீத்தேனுக்கு 5 விழுக்காடு வேண்டும். ஆகவே கசிவுச் சோதனையில் இங்கே சலுகை கிடையாது. சுவரிலிருந்து வரும் வளையும் இணைப்புக் குழாயைப் பழைய அடுப்போடு சேர்த்தே தூக்கிப் போட வேண்டும். வளைந்து நிமிர்ந்த உலோகத்தில் விரிசல் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. கூம்பு மரை உள்ள குழாய் முனைக்கு எரிவாயுவுக்குரிய டேப் சுற்ற வேண்டும். உலோகத்தோடு உலோகம் அமர்ந்து அடைக்கும் விரிவாய் இணைப்புக்கு டேப் சுற்றக் கூடாது. சுற்றினால் அதுவே கசிவுக்கு வழி. பிறகு ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும், தீக்குச்சியால் அல்ல. திறந்த ஓவன் கதவின்மேல் குழந்தை ஏறினால் அடுப்பு கவிழாதபடி பின்காலைப் பிடிக்கும் கொக்கியும் இந்த வகை அடுப்போடு வரும். அதைப் பொருத்தாமல் விடுவோர் ஏராளம். உயரமான ஊர்களில், 2,000 அடிக்கு மேல், ஒவ்வொரு 1,000 அடிக்கும் 4 விழுக்காடு வெப்ப அளவைக் குறைக்கும் விதியும் உண்டு.

இத்தனை நுணுக்கம் இருந்தால் மின் அடுப்பே போதுமே என்று கேட்கலாம். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு அது சரியான கேள்விதான். தொட்டியில் ஏற்கெனவே புரோப்பேன் இருந்து, அதுவே வீட்டைச் சூடாக்கவும் செய்கிற இடத்தில், சமையலறைக்கு 240 வோல்ட் கம்பி இழுப்பது தனிச் செலவு. மின்சாரம் அடிக்கடி போகும் பனிப்பிரதேசத்தில் தீக்குச்சியால் பற்றவைக்கக்கூடிய மேல் பர்னருக்கு மதிப்பும் உண்டு. வேலையை யார் செய்வது என்பதில் சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும். மற்ற இடங்களிலும் உரிமம் பெற்றவரை அழைப்பதற்கு வலுவான காரணம், அவரிடம் அழுத்தமானி இருப்பது. ரெகுலேட்டர் உண்மையில் 10 அங்குலம் தருகிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. முடிந்ததும் மாற்றிய விவரத்தைத் தகவல் தகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். அடுத்து வருபவருக்கு அது ஒன்றே ஆதாரம்.

எல்லா அடுப்பையும் மாற்ற முடியாது என்பதைக் கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். புரோப்பேன் ஜெட் அடுப்போடு வருகிறதா, தனியாக விற்கிறார்களா, இல்லவே இல்லையா என்று மாடல் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். மாற்றிய பின் ஒவ்வொரு பர்னரின் வெப்ப அளவு என்ன என்பதும் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் அது விளம்பரத்தில் போட்ட எண்ணைவிடக் குறைவு. கையேட்டில் புரோப்பேன் பகுதியே இல்லாத அடுப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொட்டி உள்ள வீட்டுக்கு வாங்காதீர்கள்.