பக்கத்து சீட்டில் யார்?

ஒரே சீட்டை ரெண்டு பேருக்கு விற்றுவிடாமல் காக்கத் தெரிந்த டேட்டாபேஸுக்கு, ரெண்டு நண்பர்களை ஒரே விமானத்தில் ஏற்றிவிடத் தெரியவில்லை. ஏன்னு தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் பதிவு என்பது சுழலும் அட்டைப்பெட்டிதான். விமானத்துக்கு ஓர் அட்டை, சுற்றிலும் எட்டு எழுத்தர்கள். ஒன்பதாவது ஆளுக்கு உட்கார இடமில்லை. ஒரு பதிவு முடிய சராசரியாக 90 நிமிடம் ஆனதாம். 1953ல் அந்நிறுவனத் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும் ஐபிஎம் விற்பனையாளர் பிளேர் ஸ்மித்தும் ஒரு விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் சேபர். 1964ல் முழுசா இயங்கத் தொடங்கியது. அவங்க சேர்ந்து உட்கார்ந்தது தற்செயல் என்பதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

1976ல் ஐபிஎம்மின் ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, டிரெய்கர் நால்வரும் எழுதிய கட்டுரை, ‘டிரான்ஸாக்ஷன்’ எப்படி நடக்கணும்னு தெளிவாக வரையறுத்தது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் டேட்டாவைத் தொட்டாலும், ஒருத்தர் பின் ஒருத்தராக வந்த மாதிரியே முடிவு இருக்கணும். வங்கிக் கணக்குக்கு அருமையான ஏற்பாடு! ஆனா இதில் பக்கத்து ஆள் என்பவர் வெறும் தொந்தரவு. அவரை மறைப்பதுதான் வேலையே.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பேயூ (1995) கொஞ்சம் மாத்தி யோசிச்சது. கூட்ட அறை பதிவு செய்யும்போதே மாற்று நேரங்களையும் கொடுத்துவிடலாம். மோதல் வந்தால் அதுவே அடுத்த நேரத்துக்கு நகர்த்தும். அதுவரை அந்தப் பதிவு தற்காலிகம்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2011ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ‘பின்னிப்பிணைந்த வினவல்’. உதாரணத்துக்கு ‘சைன்ஃபெல்ட்’ தொடரின் கிரேமரும் ஜெர்ரியும். ரெண்டு பேருக்கும் பாரிஸ் போகணும். “ஜெர்ரிக்கு எந்த விமானமோ எனக்கும் அதுவே” என்கிறது கிரேமரின் வினவல். ஜெர்ரியுடையதும் அப்படியே, கூடவே யுனைடெட் விமானம்தான் வேணும்னு ஒரு நிபந்தனை. ஒன்று வரும்வரை மற்றது காத்திருக்கும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்.

சிக்கல் இங்கதான் ஆரம்பம். ஜெர்ரி வரவே இல்லைன்னா எவ்வளவு நேரம் காத்திருப்பது? பதில் கிடைத்தபின் அவர் பக்கம் மட்டும் ரத்தானால்? அப்படித் துணை இழந்து நிற்கும் டிரான்ஸாக்ஷனை ஆய்வாளர்கள் ‘விதவை’ என்றே அழைத்தார்கள். அதைத் தவிர்க்க, நிறைவேறினால் ரெண்டும் சேர்ந்து, இல்லைன்னா ரெண்டும் ரத்து. தனிமைக்காக எழுதிய பழைய விதியை இவங்க தளர்த்த வேண்டியிருந்தது.

நம்ம ரயில் டிக்கெட் தளத்தில் ‘எல்லா பெர்த்தும் ஒரே கோச்சில் கிடைத்தால் மட்டும்’ என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாப் பெயரும் ஒரே படிவத்தில் இருப்பதால் அது சாத்தியம். அண்ணன் ஒரு போனிலும் தங்கை இன்னொரு போனிலும் பதிவு செய்தால், “அவளுக்குக் கிடைத்த கோச்சே எனக்கும்” என்று சொல்ல அதில் இடமில்லை. அதை அவங்களே போன் பண்ணிப் பேசிக்கணும்.